அத்தை பெயரில் ஒரு பூச்சி

பிப்ரவரி 11, 2024. ஞாயிறு
ஆராதனை முடிந்து ஏரல் போனோம். ஆற்றங்கரையில் வெள்ளைத் துணி கட்டி, முன்னால் விளக்கு வைத்தேன். பொழுது சாய்ந்ததும் காடிஸ் பூச்சிகள் வந்து மொய்த்தன. பார்க்க அந்துப்பூச்சி மாதிரிதான். ஆனால் புழுப்பருவம் முழுக்கத் தண்ணீரில், மணலை ஒட்டிக் கட்டிய சின்னக் கூட்டுக்குள். டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றில் என்ன மிச்சம் என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

பெனிஸ்டன் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கல்யாணமாகி பதினாறு வருஷத்துல இன்னைக்குத்தான் ரெண்டு பேருமா ஆத்தங்கரையில நிக்கோம். அதுவும் பூச்சி பிடிக்க." துறைமுகத்தில் கப்பல் கயிறுகளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு ஒரு துணியைப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை விளக்கைத் தள்ளிவிட்டார்.

பிப்ரவரி 14
கல்லூரி மைக்ராஸ்கோப் வீட்டுக்கு வந்திருக்கிறது. இந்தப் பூச்சிகளில் எது எந்த இனம் என்பதை ஆண்பூச்சியின் வயிற்று நுனிக் கொக்கிதான் சொல்லும். இதே சாயலில் ஏற்கெனவே தெரிந்த குற்றாலத்து இனத்துக்குக் கொக்கி இரண்டாகப் பிளந்திருக்கும். இதற்குப் பிளவே இல்லை!

மாமியார் பின்னால் வந்து நின்றார். நாசரேத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர். "ஏளா, காலையிலேர்ந்து குனிஞ்சு என்னத்தப் பாக்க?"

ஆண்பூச்சியின் எந்த இடம் என்று எப்படிச் சொல்ல? "வால் பக்கம், அத்தை." பொய்யில்லை.

பிப்ரவரி 22
ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் யதிராஜன் சாருக்குக் கொக்கியைப் படம் வரைந்து அனுப்பியிருந்தேன். குற்றாலத்து இனத்துக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். "புதுசா இருக்கலாம். பேர் யோசிம்மா" என்று பதில்! அத்தை பெயரையே, அற்புதமணி என்று, வைக்கலாமா எனப் பெனிஸ்டனிடம் சும்மா கேட்டுவைத்தேன்.

பிப்ரவரி 25
பெனிஸ்டன் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "போயும் போயும் பூச்சிக்கா என் பேரு?" என்று அத்தை சலித்துக்கொண்டார். சலித்துக்கொண்டே நாசரேத்துக்கு மூன்று போன் போட்டார்.

மார்ச் 9
மற்ற ஆண்பூச்சிகளைச் சதையைக் கரைக்கும் காரக் கரைசலில் கூடுதல் நேரம் ஊறவைத்தேன். கொக்கி பிளந்திருக்கிறது. பதினொன்றிலும். முதல் பூச்சியையும் எடுத்து மறுபடி ஊறவைத்தேன். பிளவை மூடியிருந்தது வெறும் அழுக்கு.

புது இனம் இல்லை.

மார்ச் 10
கோயில் வாசலில் ஜெபசுதா அக்கா "பூச்சிக்காரம்மா" என்று கூப்பிட்டார். சிரித்தேன். ஏன் சிரிச்சேன்? ஒரே ஒரு படம்தானே அனுப்பியிருக்கேன் — அப்படியே விட்டுட்டா யாருக்குத் தெரியும்? நாப்பத்திரெண்டு வயசுல ஆராய்ச்சி, ஒரு பேராவது மிஞ்சும்னு நினைச்சது தப்பா? சரி, பன்னிரண்டு கொக்கியையும் என்ன செய்வேன், ஒடிச்சா போடுவேன்?

மார்ச் 12
சாரிடம் போனில் சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டார். "நானும் ஒருதடவை அழுக்கைப் பார்த்துப் பேர் வச்சிருக்கேம்மா. அச்சிலயே வந்துட்டு. நீ தப்பிச்சே." உடனே பழைய சார் ஆகிவிட்டார்: "ஆனா குற்றாலத்து இனம் மலை ஓடையில மட்டும்தான் இருக்கும். இது வெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்தது. அடுத்த வருஷமும் ஏரல்ல ஒண்ணு காட்டு, பார்ப்போம்."

அத்தையிடமும் சொன்னேன்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பாப் போட்ட கணக்கை நீயே அடிச்சுட்டுத் திருப்பிப் போட்டிருக்க. நான்னா முழு மார்க்கு போடுவேன்." சற்றுக் கழித்து, "நாசரேத்துக்கு மட்டும் நீயே போன் பண்ணிச் சொல்லிரு."

பிப்ரவரி 16, 2025. ஞாயிறு
மறுபடி ஏரல். கல்லைப் புரட்டினால் மணல் கூடுகள், சின்னதும் பெரிதுமாக. பெனிஸ்டன் முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினார்: "ஷீலா, இங்கன குடும்பமே குடியிருக்கு!"

விளக்குக்கு வந்த ஆண்பூச்சிகளை நன்றாக ஊறவைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

பிப்ரவரி 19
பிளந்த கொக்கி. அதே இனம்.

மார்ச் 2
சார் ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி ஆற்றில் இறங்கி, தானே ஏழு கல்லைப் புரட்டினார். அத்தை பிளாஸ்கில் கொடுத்துவிட்ட காபியை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனார்.

ஜூன் 5
என் கட்டுரை வரைவு சாரிடமிருந்து திரும்பி வந்தது. வரைபடத்தில் குற்றாலம், பாபநாசம், அப்புறம் வெகு கிழக்கே, கடலுக்குக் கிட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. நான் மேற்கோள் காட்டியிருந்த, 'மலை ஓடைகளில் மட்டும்' என்று முப்பது வருடமாக நின்ற தன் வரியில் கடைசிச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஏரலிலும்' என்று எழுதியிருக்கிறார்.

மனசில்லாமல்தான் எழுதியிருப்பார். எழுத்து அவ்வளவு சின்னது.