நான்கு மாதம் பொறுத்திருந்தால்

மொபீல்
6 அக்டோபர் 2019

அன்புள்ள அம்மா,

நலமா? போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள். வெள்ளிக்கிழமை பேக்கரியில் மறுபடி வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். கூட வேலை பார்க்கும் ட்ரேவன்தான் தலையைத் தாங்கிப் பிடித்தான்.

மாத்திரை தீர்ந்திருந்தது. மருந்துக் கடைக்காரம்மா, "கண்ணு, உன் காப்பீடு பத்தொம்போது வயசோட முடிஞ்சுபோச்சே" என்றாள்.

"இல்லக்கா, அரசாங்கப் பராமரிப்புல வளந்தவங்களுக்கு இருபத்தாறு வரைக்கும் உண்டு. ட்ரேவனுக்கு இருக்கே!"

"பதினெட்டு முடியுற அன்னிக்கு நீ அந்தப் பராமரிப்புல இருந்திருக்கணும். நீதான் முன்னாடியே தத்துப் போயிட்டியே."

ஏதோ தவறு நடந்திருக்கிறது. நம் தத்தெடுப்பு வழக்கை நடத்திய வக்கீல் டார்ஸி சாரிடம் கேட்டுச் சொல்லுங்கள். தெரிந்திருந்தால் அவர் சொல்லாமல் விட்டிருப்பாரா?

முத்தங்களுடன்,
டெலீஷா

*

செல்மா
11 அக்டோபர்

என் கண்ணே டெலீஷா,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. டார்ஸி மேல் கோபப்படாதே. அவர் என்னிடம் சொன்னார். "வெர்னாம்மா, நாலே மாசம் பொறுங்க. புள்ளைக்குப் பதினெட்டு ஆகட்டும், அப்புறம் தத்தெடுங்க; அப்பத்தான் இருபத்தாறு வரைக்கும் காப்பீடு நிக்கும்" என்று கெஞ்சினார்.

பதினெட்டு ஆனால் நீ யாருக்கும் சொந்தமில்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம். உனக்கு முன்பு அரசாங்கம் என்னிடம் வளர்க்கக் கொடுத்த இரண்டு பேரும் அப்படித்தான் போனார்கள்; ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. நீயும் போய்விடுவாயோ என்று பயந்தேன். என் பெயரில் உன்னைச் சேர்த்துக்கொள்ள எனக்கே காப்பீடு இல்லை என்பதும் தெரியும். ஏதாவது வழி பிறக்கும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்துவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா

*

மொபீல்
20 அக்டோபர்

அம்மா,

தேவாலயத்து இலவச மருத்துவமனையில் கொஞ்சம் மாத்திரை தந்தார்கள். தீர்ந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். காரை விற்றுவிட்டேன், வலிப்பு வந்தவளை ஓட்ட விடமாட்டார்கள்.

நீதிமன்றத்தில் நீதிபதி "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அழுதீர்கள். சந்தோஷத்தில் அழுகிறீர்கள் என்று நினைத்தேன். அப்போதே எல்லாம் தெரிந்துதான் நின்றிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். டார்ஸி சொன்னதை என்னிடம் சொல்லிவிட்டு, "ஆனாலும் என் மகளா வர்றியா?" என்று கேட்டிருந்தால், நான் வந்திருப்பேன். எந்தக் காப்பீடும் வேண்டாம் என்று வந்திருப்பேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. நீங்களும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரமாட்டேன். கிறிஸ்துமஸுக்கும் தட்டு வைத்துக் காத்திருக்காதீர்கள்.

டெலீஷா