நகராத மேகம்

அன்பு சிட்டு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமா என்று எப்போதும் முதல் வரியிலேயே கேட்டுவிடுவேன், இந்த முறை கேட்கவே பயமாக இருக்கிறது. போனில் ஏரிப் பேச்சை எடுத்தாலே சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இதை நீ பாதியில் துண்டிக்க முடியாது பார்.

வீட்டில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. மாடிக் குழாய் ஒழுகியது, அப்பா ஆள் எதற்கு நானே பார்க்கிறேன் என்று இறங்கினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். ஆபீஸில் எனக்கு அதே மேசை, அதே திரை, செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் காடு எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்துக் கோடு போடும் அதே வேலை. எதிர் மேசைப் பெண் பனிமலைகளைப் பார்க்கிறாள். முன்பெல்லாம் டீ குடிக்கும்போது உன் பனி சௌக்கியமா, என் காடு சௌக்கியம் என்று கிண்டல் அடிப்போம். இப்போது டீயைக் குடித்துவிட்டு அவரவர் திரைக்குத் திரும்பிவிடுகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு மத்தியானம் உன் நினைப்பாகவே இருந்தது, உன் ஊர் ஏரியின் படத்தைத் திறந்தேன். அது என் பிரிவு இல்லை, ஏரி குளம் பார்ப்பது வேறு ஆட்கள். ஏரியின் தெற்குப் பாதி முழுவதையும் மேகம் என்று குறித்துக் கம்ப்யூட்டர் மறைத்திருந்தது. மேகம் மூடிய இடத்துக்குப் பழைய அளவையே வைத்துக்கொள்வது ஆபீஸ் வழக்கம். சரி என்று அதற்கு முந்தின படத்தைத் திறந்தால் அங்கேயும் அதே இடத்தில் மேகம், அதற்கு முந்தினதிலும் அப்படியே. மேகம் என்றால் நகர வேண்டாமா சிட்டு, கோடையிலும் மழையிலும் ஒரே வடிவத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்குமா? மறைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மேகமே இல்லை, உப்பு. தண்ணீர் வற்றி வெளியே வந்த ஏரித்தரை வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, அந்த வெளுப்பைத்தான் கம்ப்யூட்டர் மேகம் என்று மூடி வைத்திருக்கிறது. உங்கள் வடகரையில் நின்று பார்த்தால் தண்ணீர்தான் தெரியும், ஏரி அவ்வளவு பெரிசு. அந்தப் பக்கம் பாதி ஏரி இல்லை.

மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. ஏரி குறையவில்லை என்று எங்கள் ஆபீஸ் அறிக்கையில் வந்ததை நம்பித்தானே இன்னும் கொஞ்சம் நிலம் சேர்த்துப் பழக்கன்றுகள் வைத்தார். உங்க ஆபீஸே சொல்லிடுச்சு அத்தை, இனி என்ன யோசனை என்று அவர் சிரித்த சிரிப்பு காதிலேயே நிற்கிறது, அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. மறுநாளே அதிகாரியிடம் காட்டினேன். நல்ல மனுஷன், மறுக்கவில்லை. திருத்திடலாம்மா, அடுத்த அறிக்கையில சரியா வந்துடும் என்றார். அறிக்கை சரியாகும் சார், ஏரி என்ன ஆகும் என்றேன். நாம பாக்கறவங்கதானே, தடுக்கறவங்க இல்லையே என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஏரிக்கு வரும் ஆற்றை மேலேயே மறித்துத் தண்ணீரை இழுக்கிறார்கள், அதுவும் படத்தில் தெரிகிறது. காடு போவதும் பனி உருகுவதும் தெரிகிறது. எல்லாம்தான் தெரிகிறது, தெரிந்து என்ன கிழித்தோம்? இத்தனை வருஷம் கண் எரிய எரியக் கோடு போட்டதில் ஒரு மரமாவது பிழைத்ததா என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் மாடிக்குக் குழாயைப் பார்க்கப் போய்விட்டார்.

பேரனின் இருமலை நீ தூசி அலர்ஜி என்கிறாய். தெற்குக் காற்று அடிக்கிற நாளில் அந்த உப்புத் தூசி கிளம்பி உங்கள் கரைக்கு வருவது படத்தில் புகை போலத் தெரிகிறது. கிணத்துத் தண்ணி லேசா கரிக்குதும்மா, பழகிடுச்சு என்று நீதான் சொன்னாய். பழகிக்கொள்ளாதே. கிளம்பி வந்துவிடுங்கள், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. கன்றுகளைப் பிள்ளை போல வளர்த்தவருக்கு விட்டுவர மனசு வராது, எனக்குப் புரிகிறது, ஆனால் பெற்ற பிள்ளை இருமுகிறானே. நான் இவ்வளவு எழுதியும் நீங்கள் வரப்போவதில்லை என்றுதான் மனசு சொல்கிறது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ச்சினாலும் உப்பு போகாது. காற்று திரும்பினால் தெற்கு ஜன்னலைச் சாத்து. எங்கள் படங்களில் செடிகொடி சிவப்பாகத்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு நீ பள்ளிக்கூடத்தில் மரத்துக்கெல்லாம் சிவப்பு அடித்து, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்று முதல் திரையில் சிவப்பைக் கண்டாலே எனக்குச் சந்தோஷம். சுற்றிலும் எல்லாம் காய்ந்து சாம்பல் நிறமாகிவிட்ட பிறகும் உன் தோட்டம் மட்டும் சிவப்பாக இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் இன்னும் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறீர்கள், இன்னும் கிளம்பவில்லை. புதுப் படம் வந்ததும் முதலில் அதைத்தான் தேடுகிறேன். ஒரு சிவப்பு அழிந்து போகட்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா