கறுப்பு ரவிக்கைத் துணி

பொன்னி,

திண்டிவனம் கழக மாதர் கூட்டத்தில் பேசப் புறப்பட்டுவிட்டேன். உறங்குகிறவளை எழுப்ப மனம் வரவில்லை. சட்டியில் கேப்பைக் கூழ் இருக்கிறது. வேகவைத்த மல்லாட்டைக் கடலையைத் தட்டால் மூடி வைத்திருக்கிறேன். நேற்றைய கோபத்தைச் சோற்றின்மீது காட்டாதே.

காலையில் தையற்காரர் பாண்டுரங்கன் அளவெடுக்க வருவார். நீ ஆசிரியையாகப் பணியேற்கப்போகிறாய் என்று, உன் ரவிக்கைகள் அனைத்துக்கும் ஒரே கறுப்புத் துணியாக வாங்கிவந்தேன். கறுப்பு எந்தப் புடவைக்கும் பொருந்தும். எத்தனை ஆண்டானாலும் பழமையாகத் தோன்றாது. இது சிக்கனம் என்றேன். "ஒன் மேடைக் கொள்கைய எம் முதுகுல தெச்சுக்கினு போவச் சொல்றியாம்மா?" என்று நீ கேட்டாய். சினந்து கத்திவிட்டேன்.

பையை அடுக்கும்போதுதான் சிந்தித்தேன். தன் உடையைப் பெண்ணே தேர்ந்தெடுக்கட்டும் என்றல்லவா இன்று முழங்கப்போகிறேன்! அந்தப் பெண் என் வீட்டிலும் இருக்கிறாள்.

பீரோச் சாவி அஞ்சறைப்பெட்டியில் உள்ளது. என் கைத்தறிப் புடவைகளில் பிடித்தவற்றை எடுத்துக்கொள். இன்று அளவு மட்டும் கொடு. அவற்றுக்கு இசைந்த ரவிக்கைத் துணிகளை மாலையில் நீயே கடைத்தெருவில் பார்த்து வாங்கு. ஒன்றை மட்டும் கேள்: உட்புறம் துணியைத் தாராளமாக விட்டுத் தைக்கச் சொல். உடம்பு பெருத்தாலும் பிரித்துவிட்டுப் பல ஆண்டுகள் உடுத்தலாம்.

அம்மா

பி.கு.: கறுப்புத் துணியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதே. கொடியில் கிடக்கும் என் பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்து, அத்தனையும் எனக்கே தைக்கச் சொல். கொள்கை என்னுடையது, முதுகும் என்னுடையதாகவே இருக்கட்டும்.