ஐந்து நிமிடம் பதில் இல்லையென்றால்

இன்று காலை பதினொரு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முதல் எண்ணுக்கு அனுப்பிய எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லை என்று சர்வரைக் கண்காணிக்கும் மென்பொருளே எழுதியிருந்தது. முதல் எண் உன்னுடையது. உன் தம்பி சிம்மை ஒப்படைத்துவிட்டான் போலிருக்கிறது. மேலாளர் என் மேசைக்கு வந்து, "அந்தப் பேரை எடுத்துட்டு செட்டிங்கை மாத்திடும்மா" என்றார். சரி என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பக்கத்தைத் திறந்தேன்.

உன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அதற்குக் கீழே என் பெயர்.

நம் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்கு அந்த மென்பொருளை வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் சர்வர் நின்றுபோனால் கேட் திறக்காது; கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலை வரை வரிசைகட்டும். அது நிற்கும்போதெல்லாம் நம் இருவரில் ஒருவருக்கு முதலில் செய்தி வரவேண்டும். ஐந்து நிமிடம் அவரிடமிருந்து பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும். யார் முதலில் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "என் நம்பர மொதல்ல போடு. உன் வூட்ல கைக்கொயந்த கீது. எனக்கு இன்னா கீது? ஒரு தம்பி, ஒரு பூனை."

அந்தக் கைக்குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் அது ஓயாமல் கத்தியது. சர்வர் இரண்டு நொடி தாமதித்தாலும் செய்தி. "ஒரே பேஜாரா கீதுடி, ஆஃப் பண்ணிடலாம்" என்றேன். நீ உச்சி வெயிலில் கேட்டுக்குப் போய் நின்றாய். போனில் நேரம் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு லாரியாகக் குறித்தாய். சாத்தாங்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகும் ஒரு டிரைவர் உன்னைப் பார்த்துக் கேட்டார்: "கம்ப்யூட்டரு ஓடுதான்னு பாக்குற. வண்டி ஓடுதான்னு யாரும்மா பாக்குறது?"

அன்று சாயங்காலமே நீ அந்த இரண்டு நொடியைத் தூக்கிவிட்டு, பத்து நிமிடம் ஒரு டோக்கன்கூடப் போகவில்லையென்றால் செய்தி வரவேண்டும் என்று மாற்றினாய். அடுத்த வாரமே சர்வர் ஒழுங்காக இருந்தும் கேட்டில் டோக்கன் பிரின்டரில் தாள் மாட்டிக்கொண்டு வரிசை நின்றது. செய்தி வந்தது. நீ ஓடினாய். அந்த டிரைவர் யாரென்று தேடிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டும் வந்தாய்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் காலடிப்பேட்டை வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டே காலுக்கு என் போன் கத்தியது. சர்வர் நின்றிருந்தது. என்னிடம் வந்தால் நீ ஐந்து நிமிடமாகப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். எனக்கு வந்தது எரிச்சல்தான். கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து சர்வரை மறுபடி ஓடவிட்டேன். பிறகு உனக்கு எழுதினேன்: "எங்கடி போய்த் தொலஞ்ச? கை பூரா செதிலு." நீ படிக்கவில்லை. அரை மணி கழித்துத் திட்டுவதற்கென்றே கூப்பிட்டேன். உன் தம்பி எடுத்தான்.

"அக்கா பூட்ச்சுக்கா. சர்ச்சு படிக்கட்டுல ஒக்காந்துச்சு. அப்டியே சாஞ்சிக்கிச்சு."

"எப்போ?"

"ரெண்டு மணி இருக்கும்."

ராயபுரத்தில் உன் வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டே காலில் ஐந்து போனால் இரண்டு பத்து. உனக்குச் செய்தி வந்தபோதே நீ இல்லை. அதற்கும் அப்புறம்தான் நான் அதை எழுதினேன்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் தம்பி உன் போனை என்னிடம் நீட்டினான். "இது இன்னாக்கா, அடிச்சிக்கினே கீது?" வாங்கிப் பார்த்தேன். சேவை சரியாகிவிட்டது என்று வந்திருந்தது. "ஒண்ணுமில்லடா, சரியாய்டுச்சாம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் அழுதார்கள். நான் சுவரோரம் நின்று, பூ வந்ததா, பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நான்கு மாதம் உன் பெயரை நான் எடுக்கவில்லை. எச்சரிக்கை உனக்குப் போகும், ஐந்து நிமிடம் நிற்கும், பிறகு எனக்கு வரும். ஒவ்வொரு தடவையும் கேட்டில் லாரிகள் உனக்காக ஐந்து நிமிடம் காத்திருந்தன. ஏன் எப்போதும் தாமதமாகிறது என்று மேலாளர் ஒருமுறை கேட்டார். பார்க்கிறேன் சார் என்றேன். பார்த்தது ஒன்றுமில்லை. அது துக்கமா என்றும் எனக்குத் தெரியவில்லை. கை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

இன்று போயிற்று. நீக்கவா என்று கேட்டது, ஆம் என்று அழுத்தினேன். என் பெயர் மேலே வந்தது. எனக்கு அடுத்து, உன் இடத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் கத்திவாக்கத்துக்காரர். என் வயதுதான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம் எதுக்கு மேடம்? ரெண்டு பத்தாதா?"

இரண்டாக மாற்றினேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன். "ரெண்டு நிமிசத்துல நான் பதில் சொல்லலன்னா சர்வரத் தொடாதீங்க. மொதல்ல எனக்கு போன் அடிங்க. எடுக்கலன்னா என் வூட்டுக்கு அடிங்க. வூட்லயும் எடுக்கலன்னா ஒரு ஆளு நேர்ல வரணும்."

"அதுவரைக்கும் லாரி நிக்குமே மேடம்?"

"நிக்கட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டு எண்ணைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு அவர் வீட்டு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.