ஒரே ஒரு கறுப்புக் கண்ணாடி

1975 பெப்ரவரி 3, திங்கள்

இவருடைய வலது கை இனித் தோளுக்கு மேல் எழும்பாதாம். ஆஸ்பத்திரியில் இன்று கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். நவம்பரில் ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து பட்டறைக் கதவு பாதி திறந்தபடிதான். கிண்ணியாவிலிருந்து பாதைப் படகில் உடைந்த சாமான் கொண்டு வருகிற ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பக் கொண்டு போகிறார்கள். வேறு தொழில் இவருக்குத் தெரியாது. எனக்கு ஒரு தொழிலும் தெரியாது.

சாப்பிட்ட பிறகு சொன்னேன்: "வெல்டிங் நான் பழகிறன்."

ஹெக்டர் சிரிக்கவில்லை. நான் குடை விரித்தாலே பகிடி பண்ணுகிற மனிசன்! கையைத் தடவிக்கொண்டே, "அப்ப உமக்கு முகத்துக்கு ஒண்டு பார்க்க வேணும்" என்றார். பயமில்லையா, ஏலுமா என்று ஒன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி 5

ஸெய்னுதீன் காக்காவின் இரும்புக் கடைக்குப் போனோம். முகமூடியில் இரண்டு விதம். ஒன்று, இவரிடம் இருப்பதுபோலக் கையில் பிடிப்பது. மற்றது தலையில் மாட்டுவது. நெற்றிக்கு மேல் தூக்கி வைத்திருந்து, வேலை தொடங்கும்போது தலையை ஒரு வெட்டு வெட்டினால் முகத்தில் வந்து விழும்.

"படிக்கிற ஆளுக்குக் கையில பிடிக்கிறதுதான் நல்லம்" என்றார் இவர். "முகம் மூடியிருக்கோ இல்லையோ எண்டு கைக்குத் தெரியும்."

"தங்கச்சிக்குக் கை நடுங்கும், ஹெக்டர். வெல்டிங் கம்பிய ரெண்டு கையாலயும் பிடிக்கட்டுமே" என்றார் காக்கா.

இரண்டு பேரும் என் தலைக்கு மேலால் கதைத்துக்கொண்டே போனார்கள். தலை என்னுடையது. மாட்டிப் பார்த்தேன். உள்ளே புது அட்டைப் பெட்டி வாசம். தலையில் மாட்டுவதையே எடுத்தேன்.

ஒரு குறை. அதற்கு வெல்டிங் வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காக்கிற கறுப்புக் கண்ணாடி இல்லை. இறக்குமதி நின்றதால் கொழும்பிலும் கிடைக்காதாம். வீட்டுக்கு வந்ததும் இவர் தன் பழைய மூடியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி எனக்குப் பூட்டித் தந்தார். சரியாகப் பொருந்தியது. சந்தோஷம்.

பெப்ரவரி 7

கொண்டை! பட்டி கொண்டையில் இடித்துக்கொண்டு முகமூடி பாதியில் நிற்கிறது. இதைச் செய்தவனுக்குப் பெண்சாதி இல்லைப்போல. கொண்டையை இறக்கிப் பிடரியில் போட்டேன். முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தால் என் மாமியார். ஆனால் மூடி விழுகிறது.

பெப்ரவரி 12, விபூதிப் புதன்

கோயிலில் சாம்பல் பூசிக்கொண்டு நேரே பட்டறைக்கு. மதியம் பார்த்தால் முகம் முழுக்கக் கரி. எது கோயிலில் பூசியது என்று எனக்கே தெரியவில்லை.

பெப்ரவரி 15

கம்பி இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. பிடுங்கினால் நெருப்பு அணைகிறது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் ஒரு பச்சைப் பொட்டைத் தவிர எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிற இவருக்கு எல்லாம் தெரிகிறது. "கொஞ்சம் இடப்பக்கம். ம். மெல்ல, எல்சி, மெல்ல." நான் பிழை விடுவதற்கு முன்பே பிழையைச் சொல்கிறார். கெட்டிக்காரன்தான். இன்று விரல் நீளத்துக்கு ஒரு ஒட்டு நேராக வந்தது. சித்தெறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. ஆனாலும் நேர்.

பெப்ரவரி 19

கண்ணுக்குள் மண் அள்ளிப் போட்டதுபோல. நேற்றுத் தலையை வெட்டி மூடியை இறக்க மறந்து, கம்பியை உரசி அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டேன், ஒரு தரமல்ல. அப்போது ஒன்றும் தெரியவில்லை. விடிய எழும்பினால் இமை திறக்க ஏலாது. அழவில்லை, தண்ணீர் தானாக ஓடுகிறது.

இதற்கு இங்கே எல்லாரும் செய்வது தாய்ப்பால் விடுவதுதான். பக்கத்து வீட்டுப் பரீதாவுக்குக் கைக்குழந்தை. வேலியைப் பிடித்துப் பிடித்துப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும், "உங்களுக்குமா அக்கா? முந்தாநாளும் அண்ணன் வந்து வாங்கிட்டுப் போனாரே" என்றாள்.

எந்த அண்ணன்?

"ஹெக்டர் அண்ணன்தான். அதுக்கு முந்தியும் வந்தாரு. அக்காட்டச் சொல்லாதீங்க எண்டாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகனின் பங்கில் கரண்டியளவு எனக்கும் தந்தாள். வீட்டுக்கு வந்து கண்ணில் விட்டேன். குளிர்ந்தது. மனசு குளிரவில்லை.

பெப்ரவரி 20

இருக்கிறது ஒரே கண்ணாடி. அது என் முகத்தில். அப்போ இவர் எதற்குள்ளால் பார்த்தார்? வெறுங்கண்ணால்! விரலை முகத்துக்குப் பிடித்து, இடைவெளிக்குள்ளால்!

கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "கை போய்ட்டுது. கண்ணையும் குடுக்கப் போறீங்களோ? பிறகு உங்களையும் நான் கையில பிடிச்சுக்கொண்டு திரியிறதோ?"

"பார்க்காமல் எப்பிடிச் சொல்லித்தாறது?" என்றார். சும்மா, பசிக்கிறது என்பதுபோலச் சொன்னார். கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணும் சிவந்து செத்தல் மிளகாய். இத்தனை நாளும் தூசி என்று சொன்னதை நம்பினேனே.

இருபது வருசம் வேலை செய்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் நின்றிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடையில் மூன்று பேரும் படிக்கிறவளின் முகத்தைப் பற்றித்தான் யோசித்தோம். படிப்பிக்கிறவருக்கும் ஒரு முகம் இருக்கிறதே.

மெஷினை நிறுத்தி, பட்டறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிவிட்டேன். கண்ணாடி கிடைக்கும்வரை வேலை இல்லை.

பெப்ரவரி 24

கண்ணாடி இல்லை. எப்போது வரும் என்று ஸெய்னுதீன் காக்காவுக்கும் தெரியாது.

இவர் இன்று காலை கதிரையைப் பட்டறை வாசலுக்கு இழுத்து, எனக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி குந்தினார். "நீர் தொடங்கும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"எதை?"

"சத்தத்தை. சரியாப் போனால் மீன் பொரியிற சத்தம். கம்பி தூரப் போனால் ஊதும். கிட்டப் போனால் விக்கும். உமக்குக் குசினியில கேட்டுப் பழக்கம்தானே."

திரும்பினால் திரும்பவும் பூட்டுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் சாவியை எடுத்தேன்.

மார்ச் 6

"ஊதுது." "விக்குது." "இப்பவும் ஊதுது." முதுகைக் காட்டிக்கொண்டே ஏச்சு. தெருவால் போகிற ஆட்கள் தங்களை ஏசுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறார்கள். இவருடைய கண் சிவப்பு வடிந்துவிட்டது.

மார்ச் 14

பிழை. இன்று ஒட்டினது எல்லாம் பிழை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 21, வெள்ளி

கிண்ணியாவிலிருந்து பக்கீர் காக்கா வந்தார். தோணியின் சுக்கான் மாட்டுகிற இரும்புப் பூண் வெடித்துப்போயிருந்தது. கடலுக்குள் அது கழன்றுபோனால் ஆளே வீடு திரும்பமாட்டார். என்னைப் பார்த்தார், இவருடைய முதுகைப் பார்த்தார். "ஆரு ஒட்டுறது?" "எல்சிதான்" என்றார் இவர், திரும்பாமல்.

பக்கீர் காக்காவை வெளியே போய் நிற்கச் சொன்னேன். தலையை வெட்டினேன். மூடி விழுந்தது. தொடங்கினேன்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதி வந்தது, அப்போதும் ஒன்றும் இல்லை. நித்திரையோ? கோபமோ? எழும்பிப் போய்விட்டாரோ? இடையில் நிறுத்திப் பார்க்கவும் ஏலாது. மற்றப் பக்கத்தையும் ஒட்டி முடித்துவிட்டுத்தான் மூடியைத் தூக்கினேன். அதே இடத்தில்தான் இருந்தார்.

"ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை" என்றார்.

பிறகுதான் கதிரையைத் திருப்பினார்.