கையெழுத்துப் போடாத வேட்புமனு

செவ்வாய், இரவு.

மாலைத் திருப்பலி முடிந்ததும் ஊர்க்காரர் செல்வராசும் அவர் மனைவி மலர்க்கொடியும் வந்தார்கள். நம் கோயிலுக்கு வருகிறவர்கள் அல்ல. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு என் பெயரில் வேட்புமனுவையே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். தொழில் என்ற இடத்தில் ‘கோயில் வேலை’ என்று எழுதியிருந்தது.

“நீங்க நின்னா எதுத்து எவனும் நிக்க மாட்டான் சாமி. பள்ளிக்கூடத்து வழியா சுண்ணாம்புக்கல் லாரி வராம தீர்மானம் போட்டுடலாம்” என்றார் செல்வராசு.

குருவானவர் அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் என்றேன்.

“ஊருக்கு நல்லது செய்யறதுக்குமா தடை?” என்றார் மலர்க்கொடி. “பிஷப்புகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.”

போன மாதமே ஆயரிடம் கேட்டுவிட்டேன் என்பதைச் சொல்லவில்லை. “நிக்கணும்னா அங்கிய கழட்டி வச்சுட்டு நில்லுங்க” என்றார் அன்று. கோபமில்லாமல்தான் சொன்னார்.

மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துக்கென்று கொண்டுவந்த பேனாவை மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். இதை அதில்தான் எழுதுகிறேன். சற்றுமுன் செய்தித்தாள் ஓரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு, அடியில் ‘தலைவர்’ என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை.