மஞ்சள் தடவிய விண்ணப்பம்

அன்புள்ள அம்மாவுக்கு, நமஸ்காரம். சுவாமி புண்ணியத்தில் இருவரும் சுகம். உங்கள் கண் எப்படி இருக்கிறது?

எனக்குச் சமையல் வேலை கிடைத்ததால், இவருடைய மனைவியாக நான் வந்த விசாவை வேலை விசாவாக மாற்ற எழுதிக்கொடுத்தோம். நல்லபடியாக நடக்கட்டும் என்று விண்ணப்பத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். கறை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

"இதென்ன கல்யாணப் பத்திரிகையா, மூலைக்கு மூலை மஞ்சள் வெச்சிருக்கே?" என்று உங்கள் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். மறுபடி எழுதிக் கொடுத்தாயிற்று, கவலை வேண்டாம்.

ஆனால் புது விசா வரும்வரை ஊருக்குக் கிளம்பக்கூடாதாம். உங்கள் கண் ஆபரேஷனுக்குப் பக்கத்தில் இருப்பேன் என்றேனே, முடியாது அம்மா. சொட்டு மருந்தை அண்ணியையே விடச் சொல்லுங்கள். கட்டுப் பிரித்ததும் கோணலாகவாவது உங்கள் கையாலேயே எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

தபாலில் சேர்க்க இவர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

உங்கள் மகள்